செட்டிநாட்டுப் பழைய வீடுகளுக்கு எல்இடி விளக்குகள்: எதை, எங்கே, எப்படி மாற்றுவது?

கானாடுகாத்தான் பேரன்

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பங்கு வீட்டின் விளக்குகள் அனைத்தையும் எல்இடிக்கு மாற்றிவிடுவது என்று பங்காளிகள் கூடி முடிவு செய்திருக்கிறோம். தை மாதம் ஐயாவின் சதாபிஷேகம் வளவிலேயே (வீட்டின் நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) நடக்க இருப்பதால், வேலை அதற்குள் முடிந்தாக வேண்டும். முகப்பில் பெல்ஜியம் கண்ணாடிச் சரவிளக்குகள், முன்கூடமான பட்டாலையில் உருண்டைக் கண்ணாடி விளக்குகள், வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரப் பத்திகளில் சோக் வைத்த பழைய டியூப்லைட்டுகள், அறைகளில் குண்டு பல்புகள், இரண்டாம் கட்டிலும் அடுப்படியிலும் அவ்வப்போது கைக்குக் கிடைத்ததை மாட்டிய கலவை என்று இப்போதைய நிலை இருக்கிறது.

எங்களுக்குள்ளே கருத்து வேறுபாடு இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா ஒருவர், "மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லி வீட்டின் அழகைக் கெடுத்துவிடாதீர்கள்" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அண்மையில் விளக்கு மாற்றிய ஒரு வீட்டுக்கு விசேஷத்துக்குப் போயிருந்தபோது, பர்மா தேக்குத் தூண்களின் செம்மை மறைந்து சாம்பல் நிறம் தட்டியிருந்ததையும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விளக்கொளி தெறித்துக் கண்ணைக் கூச வைத்ததையும் நானே பார்த்தேன். இது எல்இடியின் இயல்பான குறையா, அல்லது தேர்வு செய்தவர்களின் கவனக் குறைவா என்பதை அறிய விரும்புகிறேன். செய்து பார்த்தவர்கள், தொழில் தெரிந்தவர்கள், வீட்டைப் பராமரிப்பவர்கள் விரிவாக எழுதினால் எங்களைப் போன்ற பல குடும்பங்களுக்கும் உதவியாக இருக்கும்.

தேவகோட்டை மின்பணியாளர்

தம்பி, விளக்கு வாங்குவதற்கு முன்பு ஒயரிங்கைப் பாருங்கள். எல்லோரும் கடைக்குப் போய்ப் பல்பை வாங்கி வந்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். முறை அதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளில் மரக் கேசிங்கில் ஓடும் பழைய ஒயரிங் இன்னும் பல இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பது ரப்பர் உறையின் மேல் துணி சுற்றிய கம்பி. ரப்பர் காய்ந்துபோய், வளைத்தால் உதிர்ந்துவிடும் நிலையில்தான் அது இருக்கும். விளக்குச் சுற்றுகளில் எர்த் கம்பி பெரும்பாலும் கிடையாது. எல்இடியால் இந்தக் கம்பிகளுக்கு நன்மைதான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு நாற்பது வாட் பல்பு போட்ட ஒரு சரவிளக்கு 480 வாட் இழுக்கும். அதாவது இரண்டு ஆம்பியருக்குச் சற்று மேல். அதே சரவிளக்கில் நான்கு வாட் எல்இடி போட்டால் மொத்தமே 48 வாட். மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகிவிடும். சரவிளக்கின் பித்தளைக் கைகளுக்குள் ஓடும் மெல்லிய கம்பிகளும், பீங்கான் ஹோல்டர்களும் எத்தனையோ ஆண்டுகளாகப் பல்பின் சூட்டில் வெந்துகொண்டிருந்தவை. அந்தச் சூடு போய்விடுவதே பழைய வீட்டுக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால், சுமை குறைந்துவிட்டது என்பதற்காக உதிரும் கம்பியை அப்படியே விட்டுவிடக் கூடாது. விளக்குச் சுற்றை மட்டுமாவது புதிய செம்புக் கம்பியில், எர்த்துடன், எம்சிபியும் (சுமை மிஞ்சினால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆர்சிசிபியும் (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிப்பது) வைத்து மாற்றிவிடுங்கள். மரக் கேசிங்கைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. மூடியைப் பக்குவமாகக் கழற்றிப் புதுக் கம்பியை அதற்குள்ளேயே ஓட்டிப் பழையபடி மூடலாம். கூலி கூடும், ஆனால் சுவரின் முட்டைப் பூச்சில் (முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு) ஒரு கீறலும் விழாது.

அடுத்தது, பழைய வீடுகளில் எல்இடி மாட்டியவுடன் வரும் புகார்: "சுவிட்சை அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக எரிகிறது" என்பார்கள். விளக்கில் கோளாறு இல்லை. சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டர் வரைக்கும் ஃபேஸ் வந்து நிற்கும். அதிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்னோட்டமே எல்இடியை மங்கலாக எரிய வைத்துவிடும். குண்டு பல்பில் அந்த அளவு மின்னோட்டத்துக்கு இழை சூடாகாது என்பதால், இந்தப் பிழை பல காலம் வெளியே தெரியாமலேயே இருந்திருக்கும். மங்கலாக எரிவது ஓர் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் ஸ்டூலில் ஏறிப் பல்பைக் கழற்றுகிறவர் கை ஹோல்டரில் பட்டால் அதிர்ச்சி நிச்சயம். சுவிட்சிலேயே சிறு சிவப்பு விளக்கு எரியும் வகையாக இருந்தாலும் இதே மங்கல் ஒளி வரும்; அதில் ஆபத்து இல்லை, சாதாரண சுவிட்சாக மாற்றினால் நின்றுவிடும்.

பத்தியில் உள்ள டியூப்லைட்டுகளைப் பொறுத்தவரை, குழலைத் தாங்கும் பழைய பட்டியிலேயே எல்இடி குழலை மாட்டித் தரச் சொல்லிக் கேட்பார்கள். சோக்கையும் ஸ்டார்ட்டரையும் நீக்கிக் கம்பியை மாற்றிக் கொடுக்க வேண்டும். பின்னாளில் விவரம் தெரியாத ஒருவர் அதே பட்டியில் பழைய குழலை மாட்டினால் வம்பு. முழுப் பட்டியையும் இறக்கிவிட்டு 20 வாட் எல்இடி பேட்டன் (விளக்கும் சட்டமும் ஒன்றாக வரும் நீள விளக்கு) போடுவதே சரி.

காரைக்குடி இயற்பியல்

கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், முதல் பதிவில் கேட்கப்பட்ட கேள்விக்கு நேராக விடை சொல்கிறேன். தூண் சாம்பல் நிறமாகத் தெரிந்தது தேர்வின் குறை. எல்இடியின் குறை அன்று.

நாம் பயன்படுத்தும் வெள்ளை எல்இடி உண்மையில் ஒரு நீல விளக்கு. ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை உமிழும் சிறு குறைகடத்திச் சில்லின் மேல் மஞ்சள் நிறப் பாஸ்பர் என்னும் ஒளிரும் பொருள் பூசப்பட்டிருக்கும். நீலத்தின் ஒரு பகுதியைப் பாஸ்பர் உறிஞ்சி மஞ்சளாக வெளியிட, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சிவப்பு எல்இடி 1962ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது என்றாலும், பளிச்சென்ற நீல எல்இடியை உருவாக்க மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. அதைச் சாதித்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. குண்டு பல்பு தான் வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலான பங்கை வெப்பமாகவே கொட்டிவிடுகிறது. ஒரு வாட்டுக்கு 10 முதல் 15 லூமென் (ஒளியை அளக்கும் அலகு) வரைதான் தருகிறது. நல்ல எல்இடி விளக்கு ஒரு வாட்டுக்கு 100 லூமெனைத் தொடுகிறது. எனவேதான் 60 வாட் குண்டு பல்பின் இடத்தில் 9 வாட் எல்இடி போதுமானதாகிறது.

இங்கே ஒரு பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். வாட் என்பது செலவின் அளவே தவிர ஒளியின் அளவு அன்று. பெட்டியில் லூமென் எவ்வளவு என்று எழுதியிருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கடுத்து வருவது நிறவெப்பநிலை, அதாவது வெள்ளை ஒளி மஞ்சள் பக்கம் சாய்கிறதா, நீலப் பக்கம் சாய்கிறதா என்பதைக் கெல்வினில் சொல்லும் எண். கடைகளில் கேட்காமலே எடுத்துத் தரப்படுவது பெரும்பாலும் 6500 கெல்வின், அதாவது "கூல் டே லைட்" எனப்படும் நீலம் கலந்த வெள்ளை. அதுதான் தேக்கின் செம்மையையும் சுண்ணாம்புப் பூச்சின் தந்த நிறத்தையும் கொன்றுவிடுகிறது. குண்டு பல்பின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 2700 கெல்வின். அதே அளவில் எல்இடியும் கிடைக்கிறது. முகப்பு, பட்டாலை, வளவு, படுக்கும் அறைகள் ஆகியவற்றுக்கு 2700 அல்லது 3000 கெல்வின் வாங்குங்கள். அடுப்படிக்கும் கணக்கு எழுதும் மேசைக்கும் 4000 கெல்வின் பொருந்தும். 6500 கெல்வின் விளக்குக்கு அந்த வீட்டில் நான் எங்கும் இடம் தர மாட்டேன்.

நிறவெப்பநிலை சரியாக இருந்தும் நிறம் சரியாகத் தெரியாமல் போவதுண்டு. அதற்குக் காரணம் நிறங்காட்டும் தன்மை. பெட்டியில் சிஆர்ஐ என்று இருக்கும். வெயிலிலும் குண்டு பல்பிலும் அது 100. சாதாரண எல்இடியில் 80. ஆனால் இந்த எண் எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி மட்டுமே; அழுத்தமான சிவப்பு அந்த எட்டில் சேர்வதில்லை. அதனை ஆர்9 என்று தனியாக அளப்பார்கள். நீலச் சில்லும் மஞ்சள் பாஸ்பரும் சேர்ந்த விளக்கில் ஆழ்ந்த சிவப்புக் குறைவு என்பதால், சிஆர்ஐ 80 இருக்கும் விளக்கிலும் ஆர்9 சுழியத்தை ஒட்டி இருக்கக்கூடும். தேக்கு, செம்புப் பாத்திரம், குங்குமம், பட்டுச் சேலை, மனித முகம் என்று நம் விசேஷங்களில் பார்க்க வேண்டியவை எல்லாமே சிவப்பைச் சார்ந்தவை. ஆகவே வளவுக்கும் முகப்புக்கும் சிஆர்ஐ 90க்குக் குறையாமல் வாங்குங்கள். விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அந்த வேறுபாட்டைப் பெரியப்பாவே ஒப்புக்கொள்வார்.

கண்டாங்கி நெசவு

ஐயா சொன்ன சிவப்புச் செய்தியை நான் தொழிலில் நாள்தோறும் பார்க்கிறேன். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையின் அழகே அரக்கு, மாம்பழ மஞ்சள், கருப்பு ஆகிய அழுத்தமான நிறங்கள் கட்டத்தில் நேருக்கு நேர் மோதுவதில்தான் இருக்கிறது. தறிக்கூடத்தில் குளிர் வெள்ளை விளக்குப் போட்டிருந்த காலத்தில், ஒரே சாயமிடலில் வராத இரண்டு அரக்கு நூல்கள் விளக்கின் கீழ் ஒன்றுபோலவே தெரிந்து, நெய்து முடித்து வெளியே எடுத்துச் சென்ற பிறகுதான் வேறுபாடு தெரியும். சிஆர்ஐ 90க்கு மேலான 4000 கெல்வின் பேட்டன்களைத் தறிக்கு மேலே நீளவாட்டில் அமைத்த பிறகு அந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது. ஆனாலும் நூல் தேர்வைப் பகல் வெளிச்சத்தில்தான் உறுதி செய்கிறோம்.

நெசவாளர் கண்ணைப் பற்றியும் ஒரு சொல். மலிவான எல்இடி விளக்குகளில் டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்று) சரியில்லாவிட்டால் நொடிக்கு நூறு முறை ஒளி ஏறி இறங்கும். கண்ணுக்கு நேராகத் தெரியாது. ஆனால் தறியில் ஊடை நூலைக் கொண்டு செல்லும் ஓடம் ஓடும்போது அது விட்டுவிட்டு நகர்வதாகத் தோன்றும், மாலைக்குள் தலைவலி வந்துவிடும். கைப்பேசியின் கேமராவை விளக்கின் பக்கம் திருப்பிப் பார்த்தால் திரையில் கருப்புப் பட்டைகள் ஓடுவது தெரியும். கடையிலேயே இதைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. விசேஷத்துக்கு வீடியோ எடுக்கப் போகிறீர்கள் என்றால் இது இன்னும் முக்கியம். பட்டை ஓடும் விளக்கின் கீழ் எடுத்த படத்தைப் பின்னால் சரிசெய்வது எளிதன்று.

பள்ளத்தூர் ஆச்சி

கணக்கை யாரும் விரிவாக எழுதவில்லையே என்று நான் எழுதுகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். தினமும் ஐந்து மணி நேரம் எரியும் ஒரு 60 வாட் பல்பு அந்த இரண்டு மாதத்தில் 18 யூனிட் சாப்பிடும். 9 வாட் எல்இடி 3 யூனிட்கூடத் தாண்டாது. சோக்கும் சேர்த்து 50 வாட் இழுக்கும் பழைய டியூப்லைட் 15 யூனிட், 20 வாட் பேட்டன் 6 யூனிட். இதில் எல்லோரும் மறந்துவிடுவது "ஜீரோ வாட்ஸ்" பல்புகளை. பெயர்தான் ஜீரோ, உண்மையில் அது 12 முதல் 15 வாட் வரை எடுக்கும். மாடிப்படியிலும் கொல்லைப்புறத்திலும் இரவு முழுவதும் எரியும் இரண்டு மூன்று ஜீரோ வாட்ஸ் பல்புகள், ஒவ்வொன்றும் இரண்டு மாதத்துக்கு 9 யூனிட் தின்கின்றன. அரை வாட் எல்இடி போட்டால் அந்தச் செலவே தெரியாது.

வீட்டு இணைப்புக்கு ஒரு வரம்பு வரை யூனிட் இலவசம் என்பதும், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குடியிருக்கும் வீட்டில் விளக்கால் மட்டும் நூறு நூற்றைம்பது யூனிட் குறையும்போது 500க்குள் நின்றுவிடலாம். லாபம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் தம்பி, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, விசேஷத்துக்கு மட்டும் திறக்கும் வீட்டில் மின்கட்டணம் பெரிதாகக் குறைந்துவிடாது. பங்காளிகளிடம் அப்படிச் சொல்லிப் பணம் கேட்காதீர்கள். அங்கே பயன் வேறு: விசேஷ நாளில் வீடு முழுவதும் எரிந்தாலும் ஜெனரேட்டர் சிறியதே போதும், மின்சாரம் நின்றால் ஒரு சாதாரண 150 ஆம்பியர்-மணி பேட்டரி இன்வெர்ட்டரில் பத்து எல்இடி விளக்குகள் இரவு முழுவதும் எரியும், அடுப்படியிலும் சமையல்கட்டுப் பந்தியிலும் சூடு ஏறாது.

இன்னொன்று. பிள்ளையார் நோன்பன்று இழை எடுக்கும்போது, மாவில் ஏற்றிய திரியின் சுடர்தான் கண்ணுக்கு முன்னே நிற்க வேண்டும். வளவு விளக்குகள் எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் போட்டுவிட்டால் ஒன்று முழு வெளிச்சம், இல்லாவிட்டால் முழு இருட்டு என்றாகிவிடும். நான்கு பக்கத்துப் பத்திகளையும் தனித்தனி சுவிட்சாகப் பிரித்துவிடச் சொல்லுங்கள். குத்துவிளக்கு எரியும் இடத்துக்கு மேலே விளக்கே வேண்டாம்.

கானாடுகாத்தான் பேரன்

ஆச்சி, கட்டணத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே பங்காளிகள் குழுவில் பகிர்ந்துவிட்டேன். சுவிட்சுகளைப் பிரிக்கும் யோசனை எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, மின்பணியாளரிடம் சொல்லிவிடுகிறேன்.

இனிச் சரவிளக்கைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு கையில் மட்டும் சாதாரணப் பால்வெள்ளை எல்இடி பல்பை மாட்டிப் பார்த்தோம். வெளிச்சம் வந்தது, ஆனால் கண்ணாடித் தொங்கல்களில் இருந்த மினுக்கம் போய்விட்டது. நிறவெப்பநிலை 2700தான். அப்படியிருந்தும் ஏன் இப்படி?

முகப்பு விடுதி

பழைய வீட்டை விருந்தினர் தங்கும் இடமாக நடத்துகிறோம். எனவே இந்தச் சிக்கல் எங்களுக்கும் வந்தது. கண்ணாடித் தொங்கல் மினுக்குவதற்குச் சிறிய, கூர்மையான ஒளிமூலம் தேவை. பால்வெள்ளை உறை ஒளியைப் பரப்பிவிடுவதால் ஒவ்வொரு பட்டையிலும் தெறிக்க வேண்டிய பொறி மழுங்கிவிடுகிறது. அத்துடன், சாதாரண எல்இடி பல்பின் அடிப்பாதி வெப்பத்தை வெளியேற்றும் மூடிய உடல் என்பதால், ஒளி பெரும்பாலும் முன்பக்கமாகவே செல்லும். மேல்நோக்கி மாட்டும் சரவிளக்கில் ஒளி உத்தரத்துக்குப் போய், கீழே தொங்கும் கண்ணாடிகள் இருட்டில் நிற்கும்.

இதற்குத் தெளிந்த கண்ணாடியில் வரும் ஃபிலமென்ட் எல்இடி சரியான விடை. மெழுகுவத்திச் சுடர் வடிவத்தில், உள்ளே மஞ்சள் பூச்சுள்ள மெல்லிய குச்சிகளாக எல்இடிகள் வரிசையாக இருக்கும். வெப்பத்தை வேகமாகக் கடத்தும் ஹீலியம் கலந்த வாயு நிரப்பப்பட்டிருக்கும். ஒளி எல்லாத் திசைகளிலும் பரவும், மினுக்கமும் திரும்பிவிடும். இவ்வகையில் டிரைவரை அடிமூடிக்குள் அடைக்க வேண்டியிருப்பதால், மலிவானவற்றில் கண்டாங்கி நெசவு சகோதரி சொன்ன ஏற்றஇறக்கம் அதிகம். கைப்பேசிச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். ஒரு சரவிளக்குக்கு வேண்டிய அனைத்தையும் ஒரே தயாரிப்பில், ஒரே நேரத்தில், இரண்டு மூன்று கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள். பின்னால் வாங்கும் பல்பு சற்றே வேறு நிறத்தில் எரிந்தாலும் பன்னிரண்டில் அது ஒன்று மட்டும் கண்ணை உறுத்தும்.

தரைக்கூச்சத்துக்கு வருகிறேன். ஆத்தங்குடிக் கல், இத்தாலியப் பளிங்கு இரண்டுமே வழவழப்பானவை. உத்தரத்தில் ஸ்பாட் விளக்கைப் பதித்து நேராகக் கீழ்நோக்கி விட்டால், தரையில் அதன் பிம்பம் பளிச்சென்று தெரியும். பந்தியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் தலை குனிந்தாலும் கண் கூசும். நம் முன்னோர் விட்டுச்சென்ற முட்டைப் பூச்சுச் சுவரே மிகச் சிறந்த ஒளித்திருப்பி. தூண்களின் போதிகைக்கு (தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் கட்டை) மேலே, கீழிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் எல்இடி பட்டியை மறைத்து வைத்து ஒளியைச் சுவர் மேலும் உத்தரத்தின் மேலும் பாய்ச்சினால், அது திரும்பி வந்து வளவு முழுவதும் மென்மையாகப் பரவும். நிழல்கூட மெல்லியதாக விழும். எங்கள் விருந்தினர் பலர் விளக்கு எங்கே இருக்கிறது என்றே தேடுகிறார்கள். தேக்கில் ஆணி அடிக்காமல் அலுமினியச் சட்டத்தைச் சும்மா மேலே வைத்தாலே போதும். அந்தச் சட்டம் எல்இடியின் சூட்டையும் வாங்கிக்கொள்ளும்.

முகப்பில் மாட்டியிருக்கும் தஞ்சாவூர்ப் படங்கள், ரவிவர்மா அச்சுப்படங்கள், ஐயா ஆயாக்களின் புகைப்படங்கள் ஆகியவற்றைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். எல்இடியில் புறஊதாக் கதிர் இல்லை என்றே சொல்லலாம், வெப்பக் கதிரும் முன்பக்கம் வருவதில்லை. ஆதலால் பழைய ஹாலஜனைவிட எவ்வளவோ மேல். ஆயினும் ஒளியே காலப்போக்கில் நிறத்தை வெளுக்கச் செய்யும். ஒளியின் அளவையும் எரியும் நேரத்தையும் பெருக்கி வரும் தொகைதான் கணக்கு. அருங்காட்சியகங்களில் தாள், துணி ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (பரப்பின் மேல் விழும் ஒளியின் அளவு) என்ற வரம்பை வைத்திருக்கிறார்கள். படத்துக்கு நேராகத் தனி விளக்கு வைத்தால், ஆள் இல்லாத நேரத்தில் அணைந்துவிடும்படி அசைவுணர்வுச் சுவிட்சை இணைத்துவிடுங்கள்.

நாச்சியாபுரம் வாசகர்

எல்லோரும் புகழ்ந்து எழுதுகிறீர்கள். என் அனுபவம் வேறு. 25,000 மணி நேரம் எரியும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றால் பதின்மூன்று ஆண்டுக்கு மேல் வர வேண்டும். எங்கள் வீட்டில் ஓராண்டுகூடத் தாங்காமல் வரிசையாகப் போய்விட்டன. மாதந்தோறும் பல்பு மாற்றிக்கொண்டிருந்தால் மிச்சம் எங்கே, குப்பைதானே மிச்சம்?

தேவகோட்டை மின்பணியாளர்

அண்ணன் கேட்பது சரியான கேள்வி. அந்த மணிக்கணக்கு எல்இடி சில்லுக்கு உரியது. ஒளி முதலில் இருந்ததில் 70 விழுக்காடாகக் குறையும் காலத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் முதலில் போவது சில்லு அன்று, பல்பின் கழுத்துக்குள் இருக்கும் டிரைவர். அதிலுள்ள மின்தேக்கி சூட்டுக்குப் பகை. பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். மூடிய உருண்டைக் கண்ணாடிக்குள் 12 வாட், 15 வாட் என்று பெரிய பல்பாகப் போட்டால், சூடு போக வழியில்லாமல் சீக்கிரம் செத்துவிடும். உங்கள் வீட்டில் போன பல்புகள் எந்த இடத்தில் இருந்தவை என்று பாருங்கள். பெரும்பாலும் மூடிய கூண்டுக்குள் இருந்தவையாகவே இருக்கும். அப்படிப்பட்ட கூண்டுகளில் 5 முதல் 7 வாட் வரை போதும், மேல்வாய் திறந்திருந்தால் இன்னும் நல்லது. முதல் பதிவில் தம்பி கேட்ட பட்டாலை விளக்குகளுக்கும் இதே விடைதான்.

இரண்டாவது காரணம் மின்னழுத்தம். லைன் கடைசியில் இருக்கும் ஊர்களில் அது ஏறி இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி விழும்போது ஒரு கணம் எகிறும். பெட்டியில் 100 முதல் 300 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எழுச்சித் தாங்குதிறன், அதாவது இப்படி எகிறுவதைத் தாங்கும் அளவு, எத்தனை கிலோவோல்ட் என்றும் பாருங்கள். முதன்மைப் பலகையில் ஓர் எஸ்பிடி (மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் சாதனம்) வைத்துவிட்டால் விளக்கு மட்டுமன்றி வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களுக்கும் காவல். அது வேலை செய்வதற்கும் எர்த் நன்றாக இருக்க வேண்டும்.

பல்பில் ஐஎஸ் 16102 என்ற தர எண்ணும், அதனுடன் பதிவு எண்ணும் இல்லாவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். மின்சிக்கனத்தைக் காட்டும் பிஇஇ நட்சத்திர முத்திரையும் பாருங்கள். மாட்டும் நாளைப் பேனாவால் பல்பின் கழுத்தில் எழுதி, பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் போனால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். விசேஷத்துக்கு முன்பு எல்லா விளக்குகளையும் சில நாள்கள் தொடர்ந்து எரியவிடுங்கள். குறைப் பிறவியாக வந்த பல்பு அப்போதே போய்விடும்.

வேட்டங்குடிக்காரன்

வீட்டுக்கு வெளியே போடும் விளக்குகளைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிக் கண்மாய்களுக்கு வலசை வரும் பறவைகளுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறது. 1977ஆம் ஆண்டிலிருந்து அது சரணாலயம். வெடிச்சத்தத்தைப் பற்றி அவ்வளவு கவனமாக இருக்கும் நாம் வெளிச்சத்தைப் பற்றிக் கவனமாக இருப்பதில்லை. சோடியம் விளக்கு இருந்த இடத்தில் 6500 கெல்வின் எல்இடியை மாட்டி, அதையும் சாய்வாக வானத்தை நோக்கித் திருப்பிவிடுகிறார்கள். மின்சாரம் பாதியாகக் குறைகிறது, உண்மைதான். ஆனால் மலிவாகிவிட்டது என்பதற்காக இரண்டு விளக்கு போட வேண்டிய இடத்தில் ஆறு போடுகிறோம்.

எல்இடியின் தனிச் சிறப்பே ஒளியை வேண்டிய பக்கம் மட்டும் செலுத்த முடியும் என்பதுதான். வாசலில், கொல்லையில், ஊருணிக் கரையில் போடும் விளக்குகளை முழுவதும் கீழ்நோக்கியபடி, 3000 கெல்வினுக்கு மேற்படாமல் அமையுங்கள். நீலம் குறைந்த ஒளிக்கு ஈசலும் பூச்சியும் குறைவாகவே வரும்; மழைக்காலத்தில் முகப்பில் பந்தி நடத்துகிறவர்களுக்கு இதன் அருமை புரியும். விசேஷத்துக்குச் சீரியல் செட் தொங்கவிடுவதைத் தடுக்கச் சொல்லவில்லை. விருந்து முடிந்து ஊர் உறங்கும் நேரத்தில் அணைந்துவிடும்படி ஒரு டைமர் வைத்தால் போதும்.

கானாடுகாத்தான் பேரன்

வேட்டங்குடி நண்பருக்கு நன்றி. கோட்டைச் சுவர் மேல் ஃபிளட் லைட் போடும் திட்டத்தைக் கைவிட்டுவிட்டோம். சரவிளக்குக்கு ஃபிலமென்ட் எல்இடி, பத்திகளுக்கு மறைவுப் பட்டி, உருண்டைக் கண்ணாடிகளுக்குச் சிறிய பல்பு என்று முடிவாகிவிட்டது. பெரியப்பாவும் முகப்பில் மாதிரிக்கு மாட்டிய 2700 கெல்வின், சிஆர்ஐ 90 விளக்கைப் பார்த்த பிறகு ஒப்புதல் தந்துவிட்டார். கடைசியாக ஒன்று: இறக்கப்போகும் பழைய டியூப்லைட்டுகள், சோக்குகள், பித்தளை ஹோல்டர்கள், பீங்கான் சுவிட்சுகள் எல்லாவற்றையும் என்ன செய்வது? வீட்டைப் பார்த்துக்கொள்பவர் டியூப்லைட்டுகளைக் கொல்லையில் உடைத்துக் குழியில் மூடிவிடலாம் என்கிறார்.

காரைக்குடி இயற்பியல்

அதை மட்டும் செய்ய விடாதீர்கள். ஒவ்வொரு டியூப்லைட்டிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைத்தால் அது ஆவியாக மூச்சில் கலக்கும். குழியில் புதைத்தால் கிணற்று நீரை நோக்கிப் போகும். கொல்லைக் கிணற்றில்தான் விசேஷச் சமையலுக்குத் தண்ணீர் எடுப்பீர்கள் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். புதிய விளக்குகள் வரும் அட்டைப் பெட்டிகளிலேயே பழைய குழல்களை உடையாமல் வைத்து, அனுமதி பெற்ற மின்னணுக் கழிவுச் சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளிலேயே பாதரச விளக்குகள் சேர்க்கப்பட்டுவிட்டன. எல்இடியில் பாதரசம் இல்லை என்றாலும் அதுவும் மின்னணுக் கழிவுதான். பழுதானவற்றையும் குப்பையில் போடாமல் தனியே சேர்த்து வையுங்கள்.

சோக்கில் செம்புக் கம்பி இருப்பதால் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். பித்தளை ஹோல்டர்களையும் பீங்கான் சுவிட்சுகளையும் அவரிடம் போட்டுவிடாதீர்கள். நல்ல நிலையில் உள்ளவற்றைத் துடைத்து வீட்டிலேயே வையுங்கள். வேண்டாமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அவற்றுக்கு மதிப்பு உண்டு.

இறக்கும்போது ஏதேனும் ஒரு குழல் உடைந்துவிட்டால் அறையின் கதவு, சன்னல்களைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் அனைவரும் வெளியே இருக்க வேண்டும். விளக்குமாற்றால் கூட்டாமல், தடித்த அட்டையால் துண்டுகளைத் தள்ளி எடுத்து, எஞ்சிய தூளை ஈரத்தாளால் ஒற்றி, எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு இறுக மூடி மற்றக் குழல்களோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.